ஆய்தம்

சனிக்கிழமை காலை, ஓல்ட்டன் தமிழ்ப் பாடசாலை.
பலகையில் ஃ போடுகிறேன்.
"இது எங்க வரும் ரீச்சர்?"
அஃது என்கிறேன். எஃகு என்கிறேன்.
எஃகை ஜெர்மனில் சொன்ன பிறகுதான்
தலையாட்டுகிறார்கள்.

அன்று பின்னேரம்
சோக்குத்தூள் போகாத அதே கை
எஷ்லிமான் கடையில் கைத்துப்பாக்கி ஒன்றை
வெற்றுச் சுவருக்கு நீட்டியது.
துப்பாக்கியின் முதுகில்
அரைத் தீப்பெட்டி அளவில் ஒரு கண்ணாடி.
கண்ணாடிக்குள் சிவப்பு.

"என்ன தெரிகிறது, ஃப்ராவ் குகபாலன்?"

புள்ளி என்று சொல்ல வாயெடுத்தேன்.
மேலே ஒன்று. கீழே இரண்டு.
ஓரங்களில் நசுங்கிய மிளகாய்ப்பழம்போல்
ஒரு சிதறல்.
அஃகேனம் தெரிகிறது என்று
எந்த ஜெர்மனில் சொல்வது?
ரசீதின் பின்பக்கம் வரைந்து காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை.
"தலையைச் சாயுங்கள்.
துப்பாக்கியை அல்ல, தலையை."
சாய்த்தேன்.
மூன்றும் என்னோடு சாய்ந்தன.
"அப்படியென்றால் பழுது என் சரக்கில் இல்லை."

என் கைபேசியைக் கேட்டு வாங்கி
கண்ணாடிக்குப் பின்னால் பிடித்து ஒரு படம் எடுத்தார்.
படத்தில்
ஊசி குத்திய விரலில் துளிர்த்த இரத்தம்போல்
உருண்டையாய்
ஒன்றே ஒன்று.

நாற்பத்திரண்டு வயது எனக்கு.
ஹேர்கிங்கன் தபால் நிலையத்தில் பதினாறு வருட இரவு வேலை.
ஒரு கடிதம் பிழையான பெட்டியில் விழுந்ததில்லை.
தெருவிளக்குக்கு வால் உண்டு,
காரின் பின்விளக்கு துடைப்பம்போல் விரியும்,
எல்லாருக்கும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.
உனக்கும் வால் தெரியுதா என்று
யார் யாரைக் கேட்கிறார்கள்?

பச்சைக் கம்பளித் துணியில் நாலு வைத்தார்.
இரண்டு கோண நிமிடம்: கடுகு.
என் கண்ணுக்குள் போனதும் வெடித்தது.
ஆறு நிமிடம்: மிளகு.
கொஞ்சம் வாலைத் தனக்குள் விழுங்கிக்கொண்டது.
பச்சை நிறத்தில் ஒன்று. அழுகை குறைவு, விலை கூட.
நாலாவது, வட்டத்துக்குள் புள்ளி.
உள்ளே என்ன கலவரம் நடந்தாலும்
வட்டம் வட்டமாகவே நின்றது.

"வெளிச்சத்தைக் குறையுங்கள். இன்னும். இன்னும்."
நாலு சொடுக்கு இறங்க
கீழிரண்டும் மேலதற்குள் ஒடுங்கப் பார்த்தன.
"புள்ளியைப் பார்க்காதீர்கள், இலக்கைப் பாருங்கள்."
கேட்க வேதாந்தம் மாதிரி இருந்தது.
பிறகு அவரே துணியைச் சுருட்டினார்.
"முதலில் கண்ணைக் காட்டுங்கள்.
நானூற்றைம்பது ஃப்ராங்க் எங்கேயும் ஓடாது."

சிலிண்டர் ஒன்றேகால், அச்சு எழுபது பாகை.
என் கோணல்
ஒரு வெள்ளைத் தாளில், கையொப்பத்தோடு.

குகபாலனிடம் அந்தப் படத்தைக் காட்டினேன்.
"ஒரு சிவப்புப் புள்ளி, அதுக்கென்ன?" என்றார்.
உடனே கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.
கடவுச்சீட்டு சிவப்பான பிறகுதான்
துப்பாக்கிக்கு விண்ணப்பிக்க முடிந்தது எனக்கு.
அந்தப் படிவம் வந்த நாளிலிருந்து
அவர் என் அலுமாரிப் பக்கம் வருவதில்லை.
அவருடைய சிவப்புப் புள்ளி வேறு.
நான் கேட்பதில்லை.

வட்டத்துக்குள் இருந்ததையே வாங்கினேன்.

திரிம்பாக் சுடுகூடம். இருபத்தைந்து மீட்டர்.
புதுக் கண்ணாடி மூக்கில் இன்னும் பழகவில்லை.
புள்ளி ஏறக்குறைய உருண்டை,
ஒரு பக்கம் மட்டும் பல் பட்ட நாவற்பழம்.
கறுப்பைப் பார்த்தேன்.
ஐந்து தோட்டா.

தாள் கம்பியில் ஆடி ஆடி வந்தது.
இரண்டு எங்கோ ஓரத்தில், அவை போகட்டும்.
மற்ற மூன்றும் ஒன்பதாம் வளையத்துக்குள்.
மேலே ஒன்று.
கீழே இரண்டு.

பக்கத்துத் தடத்து மனிதர் "நல்ல குழு" என்றார்.
தாளை நாலாய் மடித்தேன்.
வகுப்புக்குக் கொண்டுபோக ஏலாது.
எறியவும் மனமில்லை.
காரின் கதவுப் பையில் கிடக்கிறது,
வாகனத் தரிப்புச் சீட்டுகளோடு.